விருதுக்கு முன் ஊரைக் கேளுங்கள்

சிவகங்கைப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் நான்கு வருடம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தேன். நடத்திய முகாம்களில் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

ஏழு நாள் சிறப்பு முகாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கல். முதல் நாள் வழக்கம்போல் கோயில் வாசலையும் பள்ளி வளாகத்தையும் கூட்டினோம். சாயங்காலம் அந்த ஊர் நீர்க்கட்டி எங்களைத் தேடி வந்தார். எழுபதைத் தாண்டியவர். மடையைத் திறந்து அடைப்பதும், வயல் வயலாக முறைவைத்துத் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. கூலி அறுவடையில் நெல்லாக வரும்.

"கூட்டுனது போதும் சார். நாளைக்குப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வரத்துக்காலுக்கு வாங்க. கண்மாய் நெறஞ்சு மூணு வருசமாச்சு. மழை பேயாமலா இருக்கு?"

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சீமைக்கருவேல் அடர்ந்து, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தக் கால்வாய் எது தரிசு எது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. தார்ச்சாலை ஓரத்தில் நின்று, மண்ணை வெட்டி ஒதுக்கி, கையிலிருந்த கம்பை உள்ளே செருகினார். ஒரு முழம்கூடப் போகவில்லை. சாலைக்கு அடியில் போட்ட குழாய், வாய்வரை வண்டல் அடைத்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற புவியியல் மாணவியிடம், "ஆத்தா, இந்த எடத்தக் குறிச்சுக்க. தண்ணி இங்க முட்டித்தான் மேற்க திரும்பிப் போயிருது" என்றார். அவள் செல்போனில் இடத்தைக் குறித்தாள். நான்கு நாளில் வரத்துக்கால் முழுவதும் வரைபடமாகிவிட்டது.

ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குள் என்பதால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள கண்மாய். ஊராட்சித் தலைவர் வரைபடத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்தார். 'கண்மாயைத் தூர்வாரித் தர வேண்டும்' என்ற மனு எல்லா ஊரிலிருந்தும் போகும். இதில் எந்த இடத்தில் எத்தனை மீட்டர், எந்தக் குழாய் என்று இருந்தது. அடுத்த கோடையில் நூறு நாள் வேலையில் கால்வாயை வெட்டினார்கள். குழாயை ஒன்றியம் மாற்றியது. ஐப்பசி மழையில் தண்ணீர் மடையைத் தொட்டுவிட்டது என்று ஊரிலிருந்து போன் வந்தபோது வகுப்பில் இருந்தேன். பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருடம் சிறந்த நாட்டு நலப்பணித் திட்ட அலகுக்கான விருது எங்களுக்கு. மேடை, சால்வை, சான்றிதழ். திரும்பும்போது பஸ்ஸில் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். கல்லூரி பெயர் இருந்தது, என் பெயர் இருந்தது. ஊரின் பெயரே இல்லை. நான் அனுப்பிய விண்ணப்பத்தைப் புரட்டினேன். முப்பது பக்கத்தில் ஒரே ஒரு படத்தில் பெரியவர் இருந்தார், அதுவும் ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து வைத்தவன் நான்தான்.

1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். 1993-94 முதல் தேசிய விருதுகள் உண்டு: பல்கலைக்கழகத்துக்கு, அலகுக்கும் அதன் அலுவலருக்கும், தொண்டருக்கு. ஊருக்கு என்று ஒரு வகை கிடையாது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பும் விரிவாக்கப் பணிகளை, அதாவது கல்லூரிக்கு வெளியே மக்களோடு செய்யும் வேலைகளைக் கேட்கிறது. இடக்குறியீட்டோடு படம் வைக்க வேண்டும். நாம் அங்கே போனோம் என்பதற்கு அது சான்று. போய்வந்த பிறகு ஊரில் என்ன நின்றது என்பதை அந்த ஊர்தான் சொல்ல முடியும். அமெரிக்காவில் 2006 முதல் கார்னெகி அமைப்பு சமூகப் பங்கேற்புள்ள பல்கலைக்கழகங்களை அங்கீகரிக்கிறது. அங்கே பல்கலைக்கழகம் குறிப்பிடும் உள்ளூர்ப் பங்காளிகளுக்கே நேரடியாகக் கேள்விகளை அனுப்புகிறார்கள் என்று படித்தபோது, இது நம்மாலும் முடியுமே என்று பட்டது.

இப்போது கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்தர உறுதிப் பிரிவில் இருக்கிறேன். கல்லூரிக்குள் நாங்கள் வருடாவருடம் தரும் பாராட்டில் ஒரு பக்கத்தைச் சேர்க்கவைத்தேன். அதை நிரப்புவது ஊர். உங்களோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் யார், சொன்னதைச் செய்தார்களா, மறுபடி வந்தார்களா என்று கேட்கிறோம். "முகத்துக்காக நல்லதாத்தான் சார் சொல்வாங்க" என்றார் ஒரு நண்பர். நியாயமான பேச்சு. அதனால் முகாம் நடத்திய துறையை விட்டுவிட்டு வேறு துறை ஆசிரியர் போய்க் கேட்கிறார். முதல் பாராட்டு நீர்க்கட்டியின் பெயரில்தான். ஊர்ச் சாவடியில் வைத்துக் கொடுத்தோம்.

இந்த வருடம் நான்கு விண்ணப்பம். அதில் ஒரு ஊரில் மகளிர் குழுத் தலைவி, "மண்ணு பரிசோதனைன்னு பையில அள்ளிட்டுப் போனாங்க. ரிசல்ட்டு இன்னும் வரல" என்று சொல்லியிருந்தார். அந்த விண்ணப்பத்தை நிறுத்திவைத்தோம். வேதியியல் துறையினருக்கு வருத்தம்; இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆய்வகப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். சோதனை எல்லாம் முடிந்து, ஒவ்வொரு வயலுக்கும் முடிவு எழுதியே இருந்தது. ஊருக்குக் கொண்டுபோக ஆள் இல்லாமல் அலமாரியில் கிடந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மாணவர்களோடு கிளம்பிப் போய், எந்த வயலுக்கு என்ன உரம், எவ்வளவு என்று வீடு வீடாக உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தார்கள். பாராட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.