நாங்கள் எழுதாத ஒரு வரி

2016இல் கோவையில் ஒரு சின்ன இணையதள வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நாங்கள் தளம் செய்துகொடுத்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியை ஒருநாள் கோபமாகப் போன் செய்தார். "தம்பி, நம்ம ஸ்கூல் சைட்ல ரம்மி விளம்பரம் வருது. பேரன்ட்ஸ் பாத்தா என்ன நினைப்பாங்க?"

எங்கள் அலுவலகத்தில் திறந்தால் விளம்பரமே இல்லை. சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒவ்வொரு ஃபைலாகத் தேடினேன். இரண்டு இரவு போனது. மூன்றாம் நாள் பள்ளிக்கே போய் அவருடைய கணினியில் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். கடைசியில் நாங்கள் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட் வரி இருந்தது. அதே கணினியை என் மொபைல் இணையத்தில் இணைத்தேன். அந்த வரி இல்லை. அப்புறம்தான் விளங்கியது. பள்ளியின் தளம் எச்டிடிபி முறையில் இருந்தது. அந்த முறையில் பக்கங்கள் பூட்டில்லாமல் போகின்றன. பள்ளிக்கு இணைப்பு கொடுப்பவர்களின் வழியில் அவை திறக்கப்பட்டு, விளம்பரம் செருகப்பட்டு வந்துசேர்கின்றன.

இணைப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் "வைரஸ் ஸ்கேன் பண்ணுங்க சார்" என்றார்கள். மாதாமாதம் பணமும் வாங்கிக்கொண்டு, ஒரு பள்ளியின் பெயருக்குக் கீழே சூதாட்டத்தை ஒட்டுவதா? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

விளம்பரமாவது கண்ணுக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் வெரைசன் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2012 இறுதியிலிருந்து தன் மொபைல் வாடிக்கையாளர்கள் பக்கம் கேட்டுத் தளங்களுக்கு அனுப்பும் கோரிக்கைகளில் ஆளுக்கொரு அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பியது. நம்மை அடையாளம் காணத் தளங்கள் போனில் வைக்கும் குக்கீயை அழித்தாலும் அந்த எண் போகாது. ஏனென்றால் அது போனில் இல்லை, வழியில் சேர்வது. 2014இல்தான் பரவலாக வெளியே தெரிந்தது. 2016 மார்ச்சில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 13.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

பக்கங்களைப் பூட்டி அனுப்பும் முறைக்கு எச்டிடிபிஎஸ் என்று பெயர். அதற்குத் தேவையான சான்றிதழ், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த சமயம். பள்ளிக்குப் போய்வந்த அன்று மாலையே தளத்தை எச்டிடிபிஎஸுக்கு மாற்றினேன். விளம்பரம் நின்றது.

"இனிமே அவங்களால எதையும் பாக்க முடியாதுல்ல?" என்று தலைமையாசிரியை கேட்டார். பக்கத்துக்குள் இருப்பதைப் பார்க்கவோ மாற்றவோ முடியாது, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது மட்டும் தெரியும் என்றேன். அவர் கணினி அறைப் பக்கம் திரும்பினார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க எங்க போறாங்கன்னுமா?"

"ஆமாம் மேடம்" என்றேன்.