கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

சென்னையில் பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் சில வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு வெளிநாட்டு வேலைக்கு முதல்முறை விண்ணப்பிப்பவர்கள், தங்கள் ஆங்கிலம் போதுமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலும் அது போதும். விண்ணப்பத்தை நிறுத்துவது கடவுச்சீட்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் நாட்டவர்தான் ஆங்கில ஆசிரியர் என்று பல நாடுகள் விசா விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. இது நியாயமில்லை. பன்னிரண்டு வருடம் ஆங்கில வழியில் படித்து, ஆங்கில இலக்கியத்தில் பட்டமும் வாங்கியவரை ஒதுக்கிவிட்டு, வேறு துறையில் பட்டம் வாங்கிய ஒருவரைப் பிறந்த ஊருக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் விதி விதிதான். அதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் ஓராண்டு வீணாகாது.

தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற 7 நாட்டவருக்கு உரியது. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தத்தின்படி, ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகச் சேர இடமுண்டு. ஆனாலும் ஆளெடுப்பு பெரும்பாலும் அந்த 7 நாடுகளைச் சுற்றியே நடக்கிறது. சீனாவிலும் மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைக் கற்பிப்பவராக இருக்க வேண்டும் என்பதே பொது விதி. 2021-இல் அங்கே டியூஷன் நிறுவனங்கள் மீது கட்டுப்பாடு வந்த பிறகு இருந்த சந்துகளும் அடைபட்டன. ஜப்பான் சற்று வேறு மாதிரி. தாய்மொழி அல்லாத ஒன்றைக் கற்பிக்க வருபவர் அந்த மொழி வழியாகக் குறைந்தது 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில் படித்த சென்னைக்காரர்களுக்கு இது சாதகம். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் பயிற்று மொழிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

நம்மவர்கள் நடைமுறையில் சேரும் இடங்கள் வளைகுடா, மாலத்தீவு, தாய்லாந்து. வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய. ஓமன், சவுதி போன்ற இடங்களில் கல்லூரி ஆயத்த ஆண்டு ஆங்கில வகுப்புகளுக்கு எம்.ஏ. கேட்பார்கள். மாலத்தீவில் பள்ளிப்படிப்பே ஆங்கில வழி என்பதால் இந்திய ஆசிரியர்களுக்குப் பல பத்தாண்டுகளாக வேலை இருக்கிறது. தாய்லாந்தில் தாய்மொழியாளர் அல்லாதவர் தேர்வு மதிப்பெண் காட்ட வேண்டும். டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வு என்றால் பல பள்ளிகள் 600-ஐக் கீழ்வரம்பாக வைக்கின்றன. ஒரே பள்ளியில், ஒரே பாடத்துக்கு, கடவுச்சீட்டைப் பார்த்து இரண்டு விதச் சம்பளம் இருக்கும். அதை அங்கே போய்க் கேள்விப்பட்டு நொந்துகொள்வதைவிட நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இனிச் சான்றிதழ்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் சிக்கல் இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'கவிதா எஸ்', பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கவிதா', கடவுச்சீட்டில் 'கவிதா சுப்பிரமணியன்', ஆதாரில் வேறொன்று. சென்னையில் இருக்கும்வரை எல்லாம் ஒரே ஆள்தான். வெளிநாட்டுக் கணினியில் நான்கு பேர். இன்னும் மோசம், கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருப்பது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டில் சுற்றுலா, பார்வையாளர் விசாவுடன் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தினார்கள். இதற்கெல்லாம் ஒரே மருந்து, வேலை தேடுவதற்கு முன்பே கடவுச்சீட்டை மறுவெளியீட்டுக்குப் போட்டு இனிஷியலை விரித்து எழுதிக்கொள்வது. பட்டச் சான்றிதழைத் திருத்துவதைவிட இது எளிது. மிச்சமிருக்கும் வேறுபாட்டுக்கு நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சிக்கல் லேமினேஷன். பிள்ளையின் பட்டம் பாழாகக் கூடாது என்ற அன்பில் வீட்டில் செய்துவைத்த காரியம். சான்றிதழ் உண்மையானது என்று அரசு உறுதி செய்யும் அட்டெஸ்டேஷன் முத்திரையும் அப்போஸ்டில் வில்லையும் அசல் சான்றிதழின் பின்புறத்தில் பட வேண்டும். பிளாஸ்டிக் மேல் ஒட்டினால் ஏற்க மாட்டார்கள். பிரித்தெடுக்கத் தெரிந்த கடைகள் உண்டு, ஆனால் கையெழுத்து மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும் ஆபத்தும் உண்டு. நகல் சான்றிதழ் வாங்கப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிப்பது மெதுவானாலும் பாதுகாப்பு. புரொவிஷனலை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பட்டமளிப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

எந்த முத்திரை என்பது போகும் நாட்டைப் பொறுத்தது. ஒரு நாடு ஒட்டும் அப்போஸ்டில் வில்லையை மற்ற உறுப்பு நாடுகள் தூதரக முத்திரை கேட்காமல் ஏற்பது அப்போஸ்டில் உடன்படிக்கை. இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன், சவுதி அதை ஏற்கும் நாடுகள். அமீரகமும் குவைத்தும் அதில் இல்லை. அங்கே மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று மூன்று படி ஏறி, போய்ச் சேர்ந்த பிறகு அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தில் நான்காவது படியும் ஏற வேண்டும். அப்போஸ்டிலுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு வெறும் 50 ரூபாய். ஏஜென்சி சொல்லும் ஆயிரங்களில் மீதி அவர்களுடைய சேவைக் கட்டணம் என்று தெரிந்து பேரம் பேசுங்கள். எதையும் அட்டெஸ்ட் செய்வதற்கு முன், அஞ்சல் வழியில் படித்த எம்.ஏ. அல்லது பி.எட். அந்த நாட்டில் செல்லுமா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அமீரகம், குவைத் போன்ற இடங்களில் நேரடி வகுப்பில் படித்தீர்களா என்று பல்கலைக்கழகத்திடமிருந்தே கடிதம் கேட்பது உண்டு. வேலை கையில் இருந்தும் இதனாலேயே விசா நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள்.

காவல்துறைத் தடையின்மைச் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவா மையங்களில் ஒன்றுக்குப் போய் வாங்கலாம். இதை மட்டும் முதலில் வாங்கிவிடாதீர்கள். பல நாடுகள் 6 மாதத்துக்குள் எடுத்ததைத்தான் ஏற்கும். வேலை உறுதியான பிறகு போதும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்கும் 2 ஆண்டுதான் ஆயுள்.

ஏஜென்ட் விஷயத்தில் ஒரு கேள்வி கேட்டால் பாதி பேர் உதிர்ந்துவிடுவார்கள்: மத்திய அரசின் குடிபெயர்வுத் தளமான இ-மைக்ரேட்டில் உங்கள் பதிவு எண் என்ன? பட்டதாரிகளுக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு தங்களுக்கும் பதிவு தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பொய். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் எவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும், வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது; அங்கும் பெயரைப் பதிந்து வையுங்கள். 'டூரிஸ்ட் விசாவில் வந்துவிடு, பிறகு மாற்றித் தருகிறோம்' என்று தாய்லாந்துப் பள்ளி சொன்னால் மறுத்துவிடுங்கள். முறையான வழி, பள்ளி தரும் ஆவணங்களை வைத்து, வேலைக்கு வருவோருக்கான நான்-பி விசா எடுத்துப் போவது. அது 90 நாளுக்கு வரும். அந்த அவகாசத்தில் பள்ளி வேலை அனுமதியும் ஆசிரியர் மன்றத்தின் அனுமதியும் வாங்கி விசாவை நீட்டிக்க வேண்டும். பி.எட். இருந்தால் ஆசிரியர் மன்ற வேலை சுலபம். அனுமதி கையில் வருமுன் வகுப்பெடுத்துச் சோதனையில் சிக்கினால் வெளியேற்றப்படுவது ஆசிரியர்தான், பள்ளி இல்லை.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுகிறது. ஓராண்டு முடித்தவருக்கு முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படையைக் குறைத்து, படிகளை ஏற்றிக் காட்டும் ஒப்பந்தத்தில் அந்தத் தொகை சுருங்கிவிடும். கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, விமான டிக்கெட் ஆண்டுதோறுமா அல்லது முடிவிலா, வாரத்துக்கு எத்தனை பீரியட், வகுப்பில்லாத நேரத்திலும் பள்ளியில் இருக்க வேண்டுமா, நடுவில் விலகினால் என்ன பிடிப்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மாலத்தீவில் இன்னொன்று சேர்த்துக் கேட்க வேண்டும்: சம்பளம் ருபியாவிலா, டாலரிலா? அதிகாரபூர்வ மதிப்பு ஒரு டாலருக்கு 15.42 ருபியா. அந்த விலையில் வங்கியில் டாலர் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெளியில் வாங்கினால் அதிக ருபியா போகும். ஊருக்கு வந்துசேரும் தொகை, காகிதத்தில் போட்ட கணக்கைவிடக் குறைந்துவிடும்.

கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். மாத நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசிக்குத் தள்ளிப்போவது சகஜம். தாய்லாந்தில் வீட்டுக்கு இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை என்று கேட்பார்கள். பத்து மாத அட்வான்ஸ் பார்த்த சென்னைவாசிக்கு இது பெரிதாகத் தெரியாது, ஆனால் சம்பளம் வருமுன்பே கொடுக்க வேண்டும். இங்குள்ள சேமிப்புக் கணக்கை வங்கியில் சொல்லி, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறந்துவிட்டுக் கிளம்புங்கள். அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராவதும் வீட்டாருக்கு ஒரு தைரியம்.

வகுப்பறைக்கு வருவோம். நம் ஊர்ப் பயிற்சியில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தாய்லாந்து அரசுப் பள்ளியிலும் நாற்பது, ஐம்பது பேர் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். நம் பள்ளி போலவே இருக்கிறதே என்று தோன்றும். ஐந்தாவது நிமிடம் தெரிந்துவிடும், சொன்னது எதுவும் போய்ச் சேரவில்லை என்று. இங்கே தடுமாறினால் தமிழில் ஒரு வரி சொல்லி மீட்கலாம். அங்கே அந்த ஊன்றுகோல் கிடையாது. ஆகவே பாடத்தைப் பேச்சால் நடத்தாமல் செய்கையால் நடத்தப் பழக வேண்டும். 50 நிமிட வகுப்பென்றால் முதல் ஐந்து நிமிடம் பழையதைக் கேட்பது, பத்து நிமிடம் படம் அல்லது பொருள் காட்டிப் புதியதை அறிமுகம் செய்வது, இருபத்தைந்து நிமிடம் ஜோடி ஜோடியாகப் பேச வைப்பது, மிச்சத்தில் சரிபார்ப்பது. கட்டளை மூன்று சின்ன வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் செய்து காட்டிவிட்டால் அந்த மூன்றும்கூடத் தேவைப்படாது. 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். 'தனியாகச் செய்யணுமா, ரெண்டு பேராகவா?' என்று கேட்டால் புரிந்தவர் யார் என்று உடனே தெரியும். இதை முறையாகக் கற்க விரும்பினால் ஆங்கிலம் கற்பிப்போருக்கான செல்டா போன்ற சான்றிதழ்ப் படிப்பில் 120 மணி நேரப் பயிற்சியும், உண்மையான மாணவர்கள் முன் 6 மணி நேர மதிப்பிடப்பட்ட கற்பித்தலும் உண்டு. வகுப்பெடுக்காமல் வீடியோ மட்டும் பார்த்து வாங்கும் சான்றிதழைவிட அந்த 6 மணி நேரம் பெரிது.

பேச்சு வேகத்தைக் குறைப்பது அவசியம். அமெரிக்க உச்சரிப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டாம், அது பாதி நாளில் கலைந்துவிடும். திருத்த வேண்டியவை சிலதான். 'வி' ஒலியையும் 'டபிள்யூ' ஒலியையும் ஒன்றாக்குவது, சொல்லின் அழுத்தத்தை எல்லா அசைக்கும் சமமாகப் பங்கிடுவது, சொல் தொடக்கத்தில் 'P' ஒலியைக் காற்றுவிடாமல் சொல்வது. 'டவுட்' என்று நாம் சொல்வதை நம்பிக்கையின்மை என்று வெளியூர்க்காரர் எடுத்துக்கொள்வார். 'கொஸ்டின்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தாய்மொழியாளரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நாம் இந்த மொழியைக் கற்றுக்கொண்டவர்கள். அரபு பேசும் மாணவன் 'இஸ்' விட்டுவிட்டு 'அவர் ஆசிரியர்' என்ற வார்ப்பில் ஆங்கிலம் எழுதுவான். தமிழிலும் அங்கே வினை கிடையாது என்பதால் அவன் தவறு எங்கிருந்து வருகிறது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 'P'யும் 'B'யும் அவனுக்குக் குழம்பும். ஒரே 'ப'வில் இரண்டையும் எழுதும் நமக்கு அந்தக் குழப்பம் அத்துபடி. 'ஸ்கூல்' முன்னால் ஓர் இகரம் போட்டு 'இஸ்கூல்' என்பது இரு ஊரிலும் உண்டு. தாய்லாந்து மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது, சொல்லின் கடைசி மெய்கள் விழுந்துவிடும். ஆகவே இறந்தகாலத்தின் 'எட்' அங்கே ஒலியாகவும் வராது, எழுத்திலும் வராது. காதுக்கு முதலில் பழக்க வேண்டும். டெமோ வகுப்பில் இப்படி ஒரு தவறைக் காரணத்தோடு சொல்லித் திருத்திக் காட்டுங்கள். கடவுச்சீட்டைப் பார்த்துத் தயங்கிய தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்வதை அப்போதுதான் பார்க்க முடியும்.

அன்றாடம் பற்றிச் சில. தாய்லாந்தில் காலை 8 மணிக்குக் கொடியேற்றம், தேசியகீதம். ஆசிரியர் அதற்கு முன் நிற்க வேண்டும். பிள்ளையின் தலையை அன்பாகத் தொடுவது அங்கே அவமரியாதை. மாணவரை ஃபெயில் ஆக்கும் வழக்கம் ஏறக்குறைய இல்லை, மறுதேர்வு வைத்துத் தேற்றிவிடுவார்கள். அதை எதிர்த்து முதல் ஆண்டிலேயே சண்டை போடாதீர்கள். சைவ உணவுக்காரர்கள் 'ஜே' என்று கேட்டு வாங்க வேண்டும். வெறுமனே கறி வேண்டாம் என்றால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். பாங்காக்கில் இருந்தால் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தமிழ் முகம் பார்க்கலாம். வளைகுடாவில் ரமலான் மாதத்தில் பள்ளி நேரம் குறையும், நோன்பிருக்கும் பிள்ளைகளிடம் கடைசிப் பீரியடில் பெரிய வேலை வாங்க முடியாது. தேர்வுக் காலத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை மனம் கனக்கும். புதுமை தீர்ந்திருக்கும், நண்பர்கள் சேர்ந்திருக்க மாட்டார்கள். வேலையை விட்டுவிடலாமா என்ற முடிவை அந்த நாட்களில் எடுக்காமல் முதல் பருவம் முடியும் வரை தள்ளிப்போடுவது நல்லது.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது, பணி அனுபவச் சான்றிதழைப் பதவி, பாடம், தேதிகளோடு பள்ளி முத்திரையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழையும் அங்கிருக்கும்போதே விண்ணப்பித்து எடுத்துவிடுங்கள். அடுத்த நாட்டு வேலைக்கு அதைக் கட்டாயம் கேட்பார்கள், சென்னைக்கு வந்த பிறகு கைரேகை எடுத்துத் தூதரகம் வழியாக அனுப்பி வாங்க மாதக்கணக்கில் ஆகும்.