கர்ப்ப காலச் சர்க்கரையும் எங்கள் வீட்டுச் சாப்பாடும்

இது எனக்கு முதல் பிள்ளை. இப்போது 34-வது வாரம் நடக்கிறது. மார்கழி நடுவில் நாள் சொல்லியிருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்து மதுரை செல்லூரிலிருந்து திருமங்கலத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கையில் நேரம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை இருக்கிறது. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். இதை வெளியே சொல்லத் தயங்குகிற பெண்கள் நிறையப் பேர் என்று ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மாமியார் வீட்டில் சொல்லாமல் ஊசியைக் கைப்பையில் ஒளித்து வைத்திருந்த ஒரு பெண் என் பக்கத்திலேயே இருந்தாள். அவளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. முன்பு சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். நான் மாசமாக இருப்பது தெரிந்ததும் சூப்பர்வைசர் அக்கா என்னை பில் கவுன்டருக்கு மாற்றினார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். அந்த நாற்காலியின் அருமை வயிற்றில் பிள்ளையோடு நாள் முழுக்க நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளை முதலில் அசைந்தது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான். ஆடித் தள்ளுபடி நேரம், வரிசை வாசல்வரை நின்றது. அடிவயிற்றில் இடப்பக்கம் ஏதோ தட்டியது. வாயு என்று நினைத்து அடுத்த பில்லைப் போட்டேன். மறுபடியும் தட்டியது. கை அப்படியே நின்றுவிட்டது. எதிரே பேத்திக்குப் பட்டுப்பாவாடை வாங்க வந்த ஒரு பெரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பிள்ளை அசையுதா? இரு, இரு, மெதுவாப் போடு" என்றார். யாரென்றே தெரியாத அவரிடம்தான் அந்தச் செய்தி முதலில் போனது. வீட்டுக்காரருக்கு ராத்திரிதான் தெரியும்.

சரி, சர்க்கரைக்கு வருகிறேன்.

முதல் தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோதே கர்ப்பத்தைப் பதிவு செய்து, அதற்கான பிக்மி எண் கொடுத்து, ரத்தம், சிறுநீர், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். (பிக்மி எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும்.) அப்போது சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. 24 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்று செவிலியர் அக்கா அட்டையில் எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார். என் 25-வது வாரத்தில் அது நடந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டேன், இல்லாவிட்டால் குமட்டியிருக்கும். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். 140-ஐத் தொட்டாலே கர்ப்ப காலச் சர்க்கரை என்று கணக்கு. எனக்கு 152.

இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. வெகுதூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்ணிடம், "நீங்க சாப்பிட்டுட்டீங்க, நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்றால் அவள் மறுபடி வருவது கஷ்டம். வந்த அன்றைக்கே சோதித்துவிட வேண்டும் என்று இந்த முறைக்காகப் பாடுபட்டவர்களில் முன்னே நின்றவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் நம் நாட்டில் கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இது எதுவும் முன்பு தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு அந்த குளுக்கோஸ் டம்ளர் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

152 என்று கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது. நான் இனிப்பு அதிகம் தின்கிறவளும் இல்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். எல்லாக் கர்ப்பிணிக்கும் இது உண்டு. அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாக இன்சுலின் சுரந்தால் சர்க்கரை ஏறாது. சிலருக்கு அந்தக் கூடுதல் போதாமல் போய்விடுகிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை இருந்தால் வாய்ப்பு அதிகம். என் அம்மாவுக்கு இருக்கிறது. தாயின் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை பிள்ளைக்கும் போகும். அதைச் சமாளிக்கப் பிள்ளை தன் பங்குக்கு இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க, அளவுக்கு மீறிப் பெருத்துவிடும். பிறந்த உடனே அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கவும் கூடும். "இதுல உங்க தப்பு எதுவும் இல்லைம்மா. கட்டுக்குள்ள வச்சுக்கிட்டா போதும்" என்றார்.

முதல் இரண்டு வாரம் சாப்பாட்டில்தான் சரிசெய்யப் பார்த்தோம். விரல் நுனியில் குத்திப் பார்க்கிற கருவி வாங்கினோம். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். அந்த நாட்களில் சாப்பாட்டைப் பற்றி நான் கற்றுக்கொண்டது அத்தனை வருஷம் அடுப்படியில் நின்றும் தெரியாதது. மத்தியானம் ஒன்றும் செய்யாத இட்லி காலையில் ஏற்றிவிடுகிறது. காலை நேரத்து ஹார்மோன்கள் அப்படி என்று உணவு ஆலோசகர் சொன்னார். காலைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து, பாதியை முதலிலும் மீதியைக் கொஞ்ச நேரம் கழித்தும் சாப்பிடச் சொன்னார். இட்லியைக் குறைத்து, கூட ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு முட்டையோ. கூழ் உடம்புக்கு நல்லது என்று அத்தை ஆசையாகக் காய்ச்சிக் கொடுத்த கேழ்வரகுக் கூழ் அன்றைக்குச் சர்க்கரை அளவை எகிறவைத்தது. அதே கேழ்வரகை அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை போட்டுத் தந்தால் பரவாயில்லை. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் ஒன்றும் செய்யாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அவையும் ஏற்றத்தான் செய்யும். கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழம் நாத்தனார் பிள்ளைகளுக்குப் போனது. பருத்திப்பால் வண்டி மணி அடித்துக்கொண்டு தெருவில் போகும்போது மட்டும் மனசு கேட்காது.

இதற்கெல்லாம் பிறகும் காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற எண் இறங்கவில்லை. இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகாது, பயப்பட வேண்டாம் என்றார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று புரிந்துவிட்டது. ஆனாலும் ஊசியை நானே என் உடம்பில் குத்த வேண்டுமே!

இங்கேதான் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா, அதாவது வீட்டுக்காரரின் அப்பா, என்னிடம் அதிகம் பேச மாட்டார். நான் ஹாலில் இருந்தால் திண்ணைக்குப் போய்விடுவார். அது அவருடைய மரியாதை. பல வருஷமாக இன்சுலின் போடுகிறவர், ஆனால் போட்டுக்கொள்வதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் மருந்துப் பையோடு வந்த அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "இங்க வா தாயி, உக்காரு."

ஒரு ஆரஞ்சுப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டார். மருந்துக் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டினார். ஊசியில் மருந்தை இழுத்து, காற்றுக் குமிழைச் சுண்டி வெளியேற்றி, பழத்தில் குத்திக் காட்டினார். என்னையும் குத்த வைத்தார், கை நடுங்குவது நிற்கும்வரை. "ஒரே எடத்துல போடாத, கட்டி விழுந்துரும். தள்ளித் தள்ளிப் போடு. பிரிட்ஜ் கதவுல வையி, ஐஸ் கட்டுற எடத்துல வச்சா மருந்து கெட்டுப்போகும். ஊசி போட்டுட்டு சாப்பிடாம மட்டும் இருக்கக் கூடாது." அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். மறுநாள் காலையில் தொடையில் நானே போட்டுக்கொண்டேன். கொசுக்கடி அளவுக்குக்கூட வலி இல்லை. அதற்கப்புறம் காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சர்க்கரை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவர் தன் எண்ணை ஒரு பழைய டைரியில் எழுதுவார். பக்கத்தில் கோடு போட்டு என்னுடையதையும் அவரே எழுதுவார்.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்ததும் பேறுகால விடுப்பு எடுத்தேன். மொத்தம் 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அதன் பிறகுதான் வளைகாப்பு. வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவார்களே என்று எனக்கு உள்ளுக்குள் கவலை. அத்தை முந்தின நாளே முடிவு செய்துவிட்டார். தேங்காய்ச் சாதம், புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வந்தவர்களுக்கு. எனக்கு ஊட்டுவதற்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் பாசிப்பயறுச் சுண்டல். "இந்த வயசுலயே சுகரா?" என்று ஒரு உறவுக்கார அம்மா இழுத்தபோது அத்தை சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "ஆமா, மாசமா இருக்கையில சில பேருக்கு வரும். ஊசி போடுறா, புள்ள நல்லா இருக்கு. நீங்க வளையலைப் போடுங்க" என்றார். சபையில் அதை அவர் சத்தமாகச் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு அம்மன் சன்னதிக் கடையில் வாங்கிய பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்கள், முழங்கை வரைக்கும். வளையல் குலுங்கும்போதெல்லாம் பிள்ளை உள்ளே புரண்டது. இந்த மாதத்தில் அதற்கு நன்றாகவே காது கேட்கும்.

போன வாரம் வளர்ச்சி ஸ்கேன் எடுத்தோம். எடை வாரத்துக்கு ஏற்றபடி இருக்கிறது, வயிற்றுச் சுற்றளவும் சரி, பனிக்குட நீரும் சரி. திரும்பி வரும்போது அம்மா ஆட்டோவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னிடமிருந்துதான் எனக்கு வந்தது என்று அவருக்கு ஒரு மனக்குறை. அப்படி நினைக்கக் கூடாது என்று தினமும் சொல்கிறேன். இப்போது அவரும் சாப்பிட்டதும் என்னோடு வாசலில் நடக்கிறார்.

பிரசவமானதும் எனக்கு இன்சுலின் தேவைப்படாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம் என்கிறார் டாக்டர். ஆனாலும் ஆறு வாரம் கழித்து மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் பின்னாளில் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு என்னைப் போன்றவர்களுக்குக் கூடுதல். கணக்குப்படி அந்த ஆறு வாரச் சோதனை தைக் கடைசியில் வரும். மாமாவுக்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை அதே சமயத்தில்தான். டைரியோடு திருமங்கலத்துக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.