டெபியனில் பைத்தான் 3.13: விடுபட்ட பொதிகளைக் கண்டுபிடித்த விதம்

டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்தில் உள்ளது பைத்தான் நிரல்மொழியின் 3.11 பதிப்பு. 2024 அக்டோபரில் வெளிவந்த 3.13-ஐப் பழகிப் பார்க்க விரும்பியதால், மூலநிரலைத் தரவிறக்கி நானே கம்பைல் செய்யத் (கணினியில் ஓடும் நிரலாக மாற்றத்) தொடங்கினேன். தேவையானவை கணினியில் உள்ளனவா என்று சோதிக்கும் கான்ஃபிகர் கட்டளை, சி கம்பைலர் இல்லை என்று முதலிலேயே நின்றது. பில்ட்-எசென்ஷியல் என்ற பொதியை (டெபியனில் மென்பொருள் நிறுவப்படும் அலகு) நிறுவியதும் அது தீர்ந்தது.

கவனம் தேவைப்பட்ட இடம் அடுத்தது. கம்பைல் வேலையைச் செய்யும் மேக் கட்டளை பிழையின்றி முடிந்ததுபோல் தோன்றினாலும், அதன் கடைசி வரிகளில் பிஇசட்2, சிடைப்ஸ், எஸ்க்யூலைட்3, எஸ்எஸ்எல், இசட்லிப் முதலிய மாடியூல்களுக்கு (பைத்தானின் தனித்தனிப் பகுதிகளுக்கு) வேண்டியவை கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு இருந்தது. அதைப் படிக்காமல் நிறுவச் சென்றால், பைத்தான் நூலகங்களை நிறுவித் தரும் பிப் கருவியை அமைக்கும் கட்டத்தில் இசட்லிப் இல்லையென்று நிறுவல் முறிந்துவிடும். பிப் சுருக்கப்பட்ட கோப்பாகவே பைத்தானுடன் வருவதால், அதை விரிக்க இசட்லிப் வேண்டும்.

இத்தனைக்கும் இசட்லிப் கணினியில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் டெபியன் ஒவ்வொரு நூலகத்தையும் இரண்டாகப் பிரித்து வைக்கிறது: நிரல் ஓடுவதற்கானது ஒரு பொதி, கம்பைல் செய்யத் தேவையான தலைப்புக் கோப்புகள் (நூலகத்தில் என்னென்ன உள்ளன என்று கம்பைலருக்குச் சொல்பவை) 'டெவ்' என்று முடியும் மற்றொரு பொதி. இல்லாமல் போனது இரண்டாவதுதான். அதன் பெயரையும் ஊகிக்க இயலாது. 'இசட்லிப்-டெவ்' என்று கேட்டால் அப்படியொரு பொதி இல்லை என்றே டெபியனின் பொதி நிறுவும் கருவியான ஆப்ட் சொல்லும்.

ஆகவே பொதியின் பெயரைத் தேடுவதை விட்டு, கோப்பின் பெயரைத் தேடினேன். ஆப்ட்-ஃபைல் என்னும் கருவியை நிறுவி, அதன் பட்டியலைப் புதுப்பித்து, இசட்லிப்பின் தலைப்புக் கோப்பான இசட்லிப்.எச் எந்தப் பொதியில் உள்ளது என்று கேட்டேன். அந்தப் பெயரில் முடியும் கோப்புகள் பல பொதிகளில் இருப்பதால், யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் உள்ள இன்க்லூட் வரை முழுப் பாதையையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. அப்போது இசட்லிப்1ஜி-டெவ் என்ற விடை தெளிவாகக் கிடைக்கிறது. இவ்வாறே எஃப்எஃப்ஐ.எச் என்று தேடியபோது, சிடைப்ஸுக்குத் தேவையான லிப்எஃப்எஃப்ஐ-டெவ் அகப்பட்டது. எந்தக் கோப்பைத் தேடுவது என்பதே புலப்படாத இடங்களில் கான்ஃபிக்.லாக் கோப்பு உதவியது; கான்ஃபிகர் செய்த ஒவ்வொரு சோதனையும், அது தோற்ற காரணமும் அதில் பதிவாகியுள்ளன. என் கணிப்பில், இணையத்தில் கிடைக்கும் நீண்ட நிறுவல் வரிகளை அப்படியே ஒட்டுவதைவிட இது மேலானது, ஏனெனில் எந்தப் பொதி எதற்காக வந்தது என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது.

பொதிகளைச் சேர்த்த பின் மேக் மட்டும் போதாது. கான்ஃபிகரை மீண்டும் ஓட்டினால்தான் புதிய தலைப்புக் கோப்புகள் கணக்கில் வரும். நிறுவும்போது இன்ஸ்டாலுக்குப் பதில் ஆல்ட்இன்ஸ்டால் கொடுத்தேன். அதனால் 'பைத்தான்3' என்ற கட்டளை டெபியனின் 3.11-ஐயே தொடர்ந்து அழைக்கிறது; புதியதை 'பைத்தான்3.13' என்று தனியே அழைக்கலாம். எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3 இரண்டும் இப்போது பிழையின்றி இம்போர்ட் ஆகின்றன. டிகே-டெவ் பொதியைச் சேர்த்து சாளரங்கள் அமைக்க உதவும் டிகின்டர் மாடியூலை இயக்கும் வேலை மட்டும் மீதமிருக்கிறது.