பழகிடும் என்று சொன்னேன்

"யாரோ தோளைப் புடிச்சு அமுத்துற மாதிரி இருக்குது பாப்பா. அமுத்திட்டு, அப்பறம் மெள்ள உடறாங்க" என்றார் கூத்து வாத்தியார், ஹெட்போனைக் கழற்றாமலே. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுவதற்கான டாக்பேக் பட்டனை அழுத்தி, "அது மெஷின்ங்க. பழகிடும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த டேக்குக்குத் தயாரானார். எங்களுக்குள் வாக்குவாதம் எதுவும் இல்லை. அன்றைய வேலை நன்றாகவே முடிந்தது, பணமும் பேசியபடி வந்தது. இருந்தும் அந்தப் பேச்சை இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்னதை அப்போது நான் ஒரு புலம்பலாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஸ்டூடியோவுக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஹெட்போனைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். காது அடைக்கிறது, என் குரல் மாதிரியே இல்லை, வியர்க்கிறது. இவர் சொன்னது அந்த வகை இல்லை என்பது இரவு, பதிவானதையெல்லாம் சேர்த்துச் சமன் செய்யும் மிக்ஸுக்கு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அவர் குரல் போய்க்கொண்டிருந்தது எல்ஏ-2ஏ என்ற கம்ப்ரஸர் வழியாக. அந்தப் பெட்டி செய்வது அதைத்தான். சத்தம் கூடினால் அமுக்கும், பிறகு மெதுவாக விடும். பல வருடம் அதோடு புழங்கியவர்களே இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வாத்தியாரோ அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அது கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் அறையில் இருந்தது.

1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டெலிட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்காக ஜிம் லாரன்ஸ் என்ற எஞ்சினியர் வடிவமைத்தது இது. உள்ளே டி4 என்று ஒரு சின்ன டப்பா. அதில் மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் ஒரு தகடு, எதிரே காட்மியம் சல்ஃபைடு பூசிய ஒளி உணரும் செல். பாடுபவர் குரலை உயர்த்த உயர்த்தத் தகடு பிரகாசமாகும், செல்லின் மின்தடை குறையும், சிக்னலில் ஒரு பங்கு தரைக்கு வடிந்துவிடும். வேகமாகச் சுண்டி இழுக்க இதற்குத் தெரியாது. பிடிக்கவே ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் ஆகும். விடுவது இன்னும் விசித்திரம். பாதி அமுக்கத்தை 60 மில்லிசெகண்டுக்குள் விட்டுவிடும். மீதியை விட அரை செகண்டும் ஆகலாம், 5 செகண்டும் ஆகலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக அந்தச் செல் மேல் வெளிச்சம் விழுந்ததோ அதைப் பொறுத்தது. முந்தைய சத்தத்தை அது கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கிறது என்பார்கள் எங்கள் தொழிலில்.

சினிமாப் பாடகர்களுக்கு இந்த ஞாபகம் ஒரு வரம். குரல் வழவழவென்று முன்னால் வந்து நிற்கும். வாத்தியார் சினிமாப் பாடகர் இல்லை. கூத்தில் இரணியன் வேஷம் கட்டுகிறவர். உச்சத்தில் மூச்சு முட்ட இழுத்து, மகனை மிரட்டி, அறையே அதிரும்படி நிறுத்திவிட்டு, அடுத்த நொடி தகப்பனாக இறங்கி "மகனே" என்பார். பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆட்டமே அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. பெட்டிக்கு அது தெரியுமா? இழுத்த இழுப்பின் வெளிச்சம் செல்லில் இன்னும் மிச்சம் இருக்கும்போதே "மகனே" வந்துவிடுகிறது. ஆகவே அந்தச் சொல் அமுங்கியே தொடங்கி, பிறகு தானாகக் கொஞ்சம் உப்பி எழுகிறது. தன் மெல்லிய குரல் ஹெட்போனில் இன்னும் மெலிந்து கேட்பதை உணர்ந்த மனுஷன் என்ன செய்வார்? அடுத்த டேக்கில் "மகனே"யைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னார். அதற்கடுத்த டேக்கில் இன்னும் கொஞ்சம்.

மேல் ஸ்தாயியில் நடந்தது வேறு. முதல் பாட்டில் அவர் கத்திக்கொண்டே போனார். இடையில் நிறுத்தி, "நான் கத்தறேன், அது கத்தமாட்டேங்குது பாப்பா" என்று சிரித்தார். அதுவும் சரிதான். எல்ஏ-2ஏவுக்கு முன்னால் 1176 என்ற இன்னொரு கம்ப்ரஸர் வேறு வைத்திருந்தேன். அது பில் புட்னம் 1967இல் கொண்டுவந்தது. வேலையை டிரான்சிஸ்டரில் செய்வது. 20 மைக்ரோசெகண்டில் பிடிக்கும் அளவுக்கு வேகம். முதலில் 1176 கூர்மையான உச்சங்களைக் கிள்ளி எடுக்கும், பிறகு எல்ஏ-2ஏ மொத்தத்தையும் நிதானமாகச் சமன் செய்யும். உலகம் முழுக்கக் குரலுக்கு வைக்கிற வரிசை இது, நான் கண்டுபிடித்தது இல்லை. சென்னையில் நான் உதவியாளராக இருந்த ஸ்டூடியோவில் மூத்தவர் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தது. "குரல் உள்ளே போகும்போதே முடிவெடு. மிக்ஸ்ல பாத்துக்கலாம்னு தள்ளிப்போடுறவன் எஞ்சினியர் இல்ல" என்பார்.

டேப் காலத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. மெதுவாகப் பாடினால் டேப்பின் இரைச்சலில் மூழ்கும், பலமாகப் பாடினால் டேப் தாங்காமல் கரகரக்கும். இரண்டுக்கும் நடுவே குரலை நிறுத்திவைக்க ஆள் வேண்டும். இன்று கம்ப்யூட்டரில் 24 பிட்டில் பதிவு செய்கிறோம். கணக்குப்படி மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலமான ஒலிக்கும் நடுவே 144 டெசிபல் இடைவெளி. எந்த மைக்கும் எந்த அறையும் அவ்வளவைப் பயன்படுத்தப்போவதில்லை. பதிவாகும்போதே அமுக்க வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது. அப்படியானால் நான் ஏன் வைக்கிறேன்? வைத்தால் நன்றாக இருக்கிறது என்பது ஒரு பதில். இன்னொரு பதிலும் உண்டு. அம்மாப்பேட்டையில் வால்வுகளில் ஓடும் அசல் ட்யூப் கம்ப்ரஸர் வைத்திருக்கும் ஸ்டூடியோ என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகவே தனி ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறேன். பழைய மீட்டருக்குப் பின்னால் விளக்கு எரிவதைப் பார்த்தாலே பையன்கள் போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். ஃபேர்சைல்டு 670 என்கிற பழைய கம்ப்ரஸர் இருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். 20 ட்யூப், கிட்டத்தட்ட 30 கிலோ எடை, 1959 மாடல். அதை விற்றால் சேலத்தில் வீடு வாங்கலாம் தம்பி என்று அனுப்பிவைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கிற தொழில்காரர்கள் உடனே கேட்கப்போவது தெரியும்: அமுக்காத குரலைத் தனியாக எடுத்து வைக்கவில்லையா? வைத்தேன். மைக்கின் சிக்னலைப் பெருக்கும் மைக் ப்ரீயிலிருந்து இரண்டாகப் பிரித்து, ஒன்று பெட்டிகள் வழியாக, மற்றொன்று நேராக. என் வழக்கமே அதுதான். ஆகவே திரும்ப எடுக்க முடியாதபடி நான் எதையும் கெடுக்கவில்லை. வேண்டாம் என்றால் பெட்டியின் ட்ராக்கை மூடிவிட்டு நேர் ட்ராக்கில் மிக்ஸ் செய்யலாம்.

செய்தும் பார்த்தேன். நேர் ட்ராக்கில் முதல் பாட்டில் அலைவடிவம் மலைமலையாக இருந்தது. திரையைப் பார்த்தாலே எங்கே மிரட்டுகிறார், எங்கே இறங்குகிறார் என்று சொல்லிவிடலாம். அடுத்தடுத்த பாட்டுகளில் அந்த மேடுகள் தணிந்துகொண்டே வந்தன. கடைசிப் பாட்டில் நேர் ட்ராக்கும் பெட்டி ட்ராக்கும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று போலவே இருந்தன. எல்ஏ-2ஏவின் மீட்டரில் எவ்வளவு அமுக்குகிறது என்பதைப் பார்க்கும்போது முள் பூஜ்யத்தில் நின்று இடப்பக்கம் சாயும். முதல் பாட்டில் அது தலையாட்டிக்கொண்டே இருந்தது. கடைசிப் பாட்டில் அசைவே இல்லை என்று சொல்லலாம். அதைப் பார்த்து அன்று சந்தோஷப்பட்டேன், செட்டாயிட்டார் என்று. பெட்டி செய்ய வேண்டிய வேலையை அவர் தொண்டையே எடுத்துக்கொண்டுவிட்டது என்பதை அதற்குள் யோசிக்கவில்லை. அமுக்காத குரல் என்று நான் பத்திரப்படுத்திய ட்ராக்கில் இருப்பது ஏற்கெனவே அமுங்கிய பாட்டு.

ஹெட்போனுக்கு நேர் சிக்னலைக் கொடுத்திருக்கலாம். பேட்ச் வயரை மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஏன் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது, நல்ல காரணம்தான். ஆர்மோனியமும் மிருதங்கமும் முந்தின நாளே பதிவாகியிருந்தன. அவற்றுக்கு நடுவே, அமுக்காத குரலில் அந்த "மகனே" அவர் காதுக்கே கேட்டிருக்காது. கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த இழுப்பில் காது கிழிந்திருக்கும். அறுபதைத் தாண்டியவர். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடச் சொல்லலாம் என்றால், ஹெட்போன் சத்தம் மைக்கில் ஏறும். இவையெல்லாம் உண்மை. ஆனால் அவர் சொன்ன அந்த நொடியில் இவற்றில் எதையும் நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. காரணங்கள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

பக்கத்தில் இருந்த அவருடைய தங்கச்சி மகன், அவன்தான் செலவு செய்கிறவன், முதல் பாட்டைப் போட்டுக் காட்டியதும் எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா, சினிமாப் பாட்டு மாதிரி இருக்குதுங்க்கா! மாமன் குரலா இது?" அவனுக்குப் பெண்டிரைவில் ஏற்றித் திருவிழாக் கடைகளில் விற்க வேண்டும். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஓடப்போகிற பாட்டு. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய இடங்கள் கேட்க வேண்டுமானால் ஏற்ற இறக்கத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆக, வேலையைக் கொடுத்தவருக்கு வேண்டியதை நான் கொடுத்தேன். பாடியவர்? அவரும் குறை சொல்லவில்லை. கிளம்பும்போது டீயைக் குடித்துக்கொண்டே, "இவ்ளோ பாடியும் தொண்ட வலிக்கலியே பாப்பா. நம்ம ஊர்ல இதை முன்னாலயே யாரும் சொல்லித் தரல" என்றார். அந்த முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் என் சஞ்சலம் வெறும் கற்பனை என்றுதான் தோன்றுகிறது. மைக்குக்கு ஏற்றபடி குரலை அடக்கி ஆள்வது ஒரு வித்தை. பின்னணிப் பாடகர்கள் வருடக்கணக்காகப் பழகுவது அதைத்தான். ஒரு கூத்துக்காரர் அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டால் அதற்கு நான் ஏன் வருத்தப்பட வேண்டும்?

அதற்குப் பிறகு ஒருநாள், மீதிப் பணம் கொடுக்க வந்த தங்கச்சி மகன் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னான். ஓமலூர்ப் பக்கம் ஒரு ஊரில் விடிய விடிய ஆட்டம். மாமன் நன்றாகப் பாடினார், மைக்கில் நிதானமாகப் பாடினார். ஆனால் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள், "வாத்தியாருக்கு வயசாயிருச்சு, இரணியன் எறங்கிப்போயிட்டான்" என்று பேசிக்கொண்டார்களாம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சிரிக்கவில்லை. உடனே கேட்டேன், சளி ஏதாவது பிடித்திருந்ததா என்று. "இருக்கலாங்க்கா, பனி வேற" என்றான். சளிதான் என்று பிடித்துக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசை.

அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. அறுபது கடந்த தொண்டை, பனி, ஊருக்கு ஒரு மாதிரி மைக் செட். ஒரு நாள் ஹெட்போன் மாட்டியதாலா ஒருவர் ஆயுசுக்கும் பாடிய விதம் மாறிவிடும்? மாறாது என்றுதான் எந்த ஆளும் சொல்வார். நானும் மற்றவர்களிடம் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவர் என்னிடம் ரெக்கார்டிங்குக்கு முன்னால் பேசியது ஞாபகம் வருகிறது. ஏற்காட்டுப் பக்கம் மலை ஊர்களில் ஆடும்போது எதிர்மேட்டில் இருக்கிற வீடு வரைக்கும் வசனம் போக வேண்டும், மைக் இல்லாத காலத்தில் பழகிய தொண்டை இது என்றார். எதிர்மேட்டுக்கு அனுப்புகிற குரலுக்கும் பக்கத்தில் நிற்கிற மகனுக்குச் சொல்கிற குரலுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைத்தான் அவர் நாற்பது வருஷமாகப் பாடியிருக்கிறார். எல்ஏ என்றால் லெவலிங் அம்ப்ளிஃபயர், மேடு பள்ளத்தை நிரவுகிற கருவி. அதன் வேலையை அது சரியாகச் செய்தது. யாரைக் குற்றம் சொல்ல?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அது எனக்குச் சாதகமாக இல்லை. கம்ப்ரஸர் போட்டு ஒலியைத் தூக்கினால் குரலோடு அறையில் இருக்கிற மற்றதும் தூக்கப்படும். கடைசிப் பாட்டின் இடைவெளிகளில் ஹெட்போனைக் கூட்டிக் கேட்டால் மெல்லியதாகத் தறிச் சத்தம் கேட்கிறது. இரண்டு வீடு தள்ளி ஓடுகிற பவர்லூம். முதல் பாட்டின் நேர் ட்ராக்கில் அது அவர் குரலுக்கு முன்னால் நிற்கவே முடியாமல் எங்கோ அடியில் கிடந்தது. அந்தத் தறியை இடைவெளிகளிலிருந்து வெட்டி எடுக்கப் பாதி இரவு ஆனது. அமுக்கியதால் வந்த வேலை அது. அதையும் நான் தரம் என்று சொல்லித்தான் பில் போட்டேன்.

பெட்டியை விற்கிற எண்ணம் இல்லை. நேற்றுக்கூட ஒரு பெண் தாலாட்டுப் பாட வந்தார். மெல்லிய குரல், அதே எல்ஏ-2ஏதான், எவ்வளவு அமுக்க வேண்டும் என்று வைக்கிற பீக் ரிடக்ஷன் குமிழை லேசாகத் திருகினேன், அவ்வளவு அழகாக வந்தது. ஹெட்போனுக்கும் அதையே கொடுத்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தங்கச்சி மகன் இப்போது இரண்டாவது தொகுப்புக்குத் தேதி கேட்டிருக்கிறான். "போன தடவை வச்ச அதே சவுண்டு வேணுங்க்கா" என்பது அவன் நிபந்தனை. வாத்தியாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஹெட்போன் இல்லாமல், ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் பாடுகிறீர்களா என்று கேட்டேன். குரல் மைக்கில் வாத்தியமும் ஏறும், திருத்த முடியாது, அவன் கேட்கிற சவுண்டு வராது. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கு பாப்பா, போன தடவ மாதிரியே அந்தக் காதுல மாட்டறதைக் குடு. அது நல்லாருந்துச்சு, பழகிருச்சு" என்றார். சரிங்க என்று சொல்லி, இரண்டு விதமாகவும் மைக் போட்டு வைக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.