நழுவும் கம்பியும் என் இடது சுண்டுவிரலும்

ஜனவரியில் காலை ஆறரை மணிக்குக் கோத்தகிரி ஜிம்மின் ஷட்டரைத் தூக்கும்போதே விரல்கள் மரத்துவிடும். அதே விரல்களால்தான் பிறகு 90 கிலோக் கம்பியைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்க வேண்டும்; இதற்குப் பெயர் டெட்லிஃப்ட். ஜனவரி 9-ஆம் தேதி நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "டெட்லிஃப்ட் 90. மூன்றாவது முறை முழங்காலைத் தாண்டியதும் போய்விட்டது. முதுகு சரி, கால் சரி. இடது சுண்டுவிரல் முதலில் திறந்தது, பிறகு மோதிர விரல், பிறகு சத்தம்."

எனக்கு 37 வயது, எடை 61 கிலோ, பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். எடை தூக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மணிக்கட்டைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் பட்டை, அதாவது ஸ்ட்ராப், சுற்றிக்கொண்டால் 110 கிலோ வருகிறது. ஸ்ட்ராப்பைக் கழற்றினால் 90-இல் நின்றுவிடுகிறது. நடுவில் இருக்கும் 20 கிலோவும் என் முதுகுக்குக் கை வைத்திருக்கும் கடன்.

ஸ்ட்ராப்பைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூக்கு என்று ஜிம்மில் எல்லோரும் சொன்னார்கள். அதில் தவறும் இல்லை. 2016-இல் இங்கிலாந்துக்காரர் எடி ஹால் 500 கிலோ தூக்கியது ஸ்ட்ராப் சுற்றித்தான். ஸ்ட்ராங்மேன் போட்டிகளில் அதற்கு இடம் உண்டு. பவர்லிஃப்டிங்கில் கிடையாது. ஐஸ்லாந்துக்காரர் பெனடிக்ட் மக்னுசன் 2011-இல் 460 கிலோவை ஸ்ட்ராப் இல்லாமலே தூக்கிக் காட்டினார். நான் எந்தப் போட்டிக்கும் போகப்போவதில்லை. ஆனால் நாள் முழுக்கப் பேரேடு பார்க்கிறவளுக்கு, நேராகாத கணக்கு ஒன்று வீட்டிலேயே கிடந்தால் தூக்கம் வராது.

பிப்ரவரி முழுவதையும் வீணாக்கினேன். ஊட்டியில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் ஸ்பிரிங் வைத்த கைப்பிடி வாங்கி, இரவு டிவி பார்த்துக்கொண்டே அழுத்தினேன். முதல் நாள் 18 முறை, மாத இறுதியில் 70 முறை. பெருமையாக இருந்தது. 90 கிலோ மட்டும் அதே மூன்றாவது முறையில் அதே இடத்தில் விழுந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் சாதாரணமானது. ஸ்பிரிங்கை அழுத்தும்போது விரல்கள் திறந்த நிலையிலிருந்து மூடுகின்றன. டெட்லிஃப்டிலோ விரல்கள் முன்பே மூடியிருக்கின்றன. ஒரு கைக்கு 45 கிலோ அவற்றைத் திறக்கப் பார்க்கிறது, அவை திறக்காமல் இருக்க வேண்டும். எலுமிச்சை பிழிவதற்கும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதற்கும் உள்ள வேறுபாடுதான். 70 முறை அழுத்த முடிகிற ஸ்பிரிங் எடையே இல்லாத ஸ்பிரிங் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த மாதம் செய்த ஒரே உருப்படியான காரியம் வெந்நீர் சோதனை. இரண்டு நாள் குளிர்ந்த கையோடு 80 கிலோவைப் பிடித்து நின்றேன்: 11 நொடி, 12 நொடி. இன்னும் இரண்டு நாள் பிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரில் துண்டை நனைத்து, முழங்கைவரை சுற்றிச் சூடாக்கிவிட்டுப் பிடித்தேன்: 17, 16. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் விரல் நுனிவரை ஓடுகின்றன. எனவே விரலை மட்டும் ஊதிச் சூடாக்கிப் பயனில்லை, முன்கை சூடாக வேண்டும். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இது தேவைப்படாது. அவர்களுடைய தொல்லை வியர்வை.

மார்ச்சில் தம்பி வந்திருந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். அவனுடைய வெர்னியரை வாங்கிக்கொண்டு போய் ஜிம்மில் இருக்கும் இரண்டு கம்பிகளையும் அளந்தேன். ஒன்று 28 மில்லிமீட்டர், மற்றது 31. மூன்று ஆண்டுகளாக நான் தூக்கிக்கொண்டிருந்தது 31. பெண்களுக்கான ஒலிம்பிக் கம்பி 25 மில்லிமீட்டர், எடையும் 15 கிலோதான். ஆண்களுடையது 28 மில்லிமீட்டர், 20 கிலோ. மூன்று மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். என் கை சிறியது. மெல்லிய கம்பியில் கட்டைவிரல் நுனி நடுவிரல் நகத்தின்மேல் ஏறி உட்காருகிறது. தடித்த கம்பியில் தொடக்கூட இல்லை. விரல் எவ்வளவு விரிந்து பிடிக்கிறதோ அவ்வளவு எளிதாக எடை அதைத் திறந்துவிடும்.

மெல்லிய கம்பியை யாரும் தொடாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது வழுக்கியது. கம்பியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டியிருக்கும் சொரசொரப்பை, லேத் வேலைக்காரர்கள் நர்லிங் என்பார்கள், பழைய பவுடரும் வியர்வையும் பலருடைய தோலும் சேர்ந்து மெழுகிவிட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் தொட்ட துணியும் கடினமான நைலான் பிரஷும் எடுத்துப் போய் முக்கால் மணி நேரம் தேய்த்தேன். கறுப்பாக வந்த அழுக்கைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. தேய்த்து முடித்ததும் வெட்டுகள் வைரம் வைரமாகத் தெரிந்தன. அடுத்த செவ்வாய், 90 கிலோ ஐந்து முறை. ஒரு கிராம் வலிமை கூடாமல் மூன்று முறை கூடியது.

கம்பியைத் தேய்க்காமல் கையைத் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரலில்தான் முக்கியமான விஷயம் நடந்தது, அதுவும் ஜிம்மில் இல்லை. அப்பா 1972-இல் இலங்கையிலிருந்து வந்தவர். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் கவாத்து வேலை செய்தார். அம்மா கொளுந்து பறித்தார். கவாத்து என்றால், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குவது. இப்போது மெஷின் வந்துவிட்டது. அப்பா காலத்தில் வளைந்த கத்திதான். விரல் தடிமனுள்ள கிளையை ஒரே இழுப்பில், சாய்வாக, பிளக்காமல் வெட்ட வேண்டும். காலை முதல் மாலைவரை.

அன்று இரவு நான் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையை இழுத்து விளக்குப் பக்கம் திருப்பினார். என் காய்ப்புகள் விரல் தொடங்கும் கோட்டுக்குக் கீழே, உள்ளங்கையின் மேட்டில், நான்கு பட்டாணிகள் மாதிரி தடித்திருந்தன. மோதிர விரலுக்கு நேரே இருந்தது கிழிந்து சிவந்திருந்தது. அப்பா அந்தக் கிழிசலின் மேல் ஓரத்தைப் பெருவிரலால் தடவிவிட்டுக் கேட்டார்: "பிடி இங்கே இருந்து இங்கே நகர்கிறது, பிள்ளை. தெரியவில்லையா?"

"இறுக்கித்தான் பிடிக்கிறேன் அப்பா."

"இறுக்கினால் என்ன? உள்ளங்கையில் வைத்து இறுக்குகிறாய். வெட்டும்போது கத்தி தானாக விரலுக்கு வந்துவிடும். வருகிற வழியில் தோலையும் கொண்டுவரும். அது கடைசியில் எங்கே வந்து நிற்கிறதோ, முதலிலேயே அங்கே வை."

அவருடைய கையைப் பார்த்தேன். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் காய்ப்பு இருந்தது. விரல் மடிப்பின் மேலேயே, ஒரே கோடாக. உள்ளங்கை மேடு வழவழவென்று இருந்தது.

மறுநாள் கம்பியை உள்ளங்கையின் நடுவில் அழுத்திப் பிடிக்காமல், விரல்கள் தொடங்கும் மடிப்பில் வைத்து, விரல்களைச் சுற்றி, கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் பூட்டினேன். பிடி தளர்வாக இருப்பதுபோல் பயமாக இருந்தது. தூக்கியபோது கம்பி உருளவே இல்லை, உருள்வதற்கு இடம் இல்லை. முன்பு அது அரை அங்குலம் கீழே உருண்டு, அந்த உருளலிலேயே சுண்டுவிரலைத் திறந்துகொண்டிருந்தது. கைகளும் அரை அங்குலம் நீண்ட மாதிரி. அந்த அளவு குறைவாகக் குனிந்தால் போதும். ஏப்ரல் 16: 95 கிலோ, நான்கு முறை.

மற்றப் பிடிகளையும் பார்த்தேன். ஒரு கை உள்நோக்கி, ஒரு கை வெளிநோக்கிப் பிடிக்கும் கலப்புப் பிடியில் கம்பி உருளாது. ஒரு கைப்பக்கம் உருளப் பார்த்தால் மறு கை தடுத்துவிடும். உடனே 10 கிலோ கூடுகிறது. ஆனால் வெளிநோக்கிய கையின் புஜத் தசைநாண் கிழியும் ஆபத்து அதில் உண்டு, குறிப்பாகக் கையை மடக்கி இழுக்கிறவர்களுக்கு. கடைசி சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பளுதூக்கும் வீரர்களின் கொக்கிப் பிடியில் கட்டைவிரலைக் கம்பிக்கும் விரல்களுக்கும் நடுவே சிக்கவைக்க வேண்டும். மூன்று வாரம் முயன்றேன். பிடி அசையவில்லை, உண்மைதான். கட்டைவிரல் நகம் நீலமாகி, கீ போர்டில் ஸ்பேஸ் தட்டும்போதெல்லாம் கண்ணில் நீர் வந்தது. விட்டுவிட்டேன்.

மே மாதம் முதல் ஒழுங்கான பயிற்சி. அதில் பெரும்பகுதி சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதுதான். செவ்வாயும் சனியும், டெட்லிஃப்ட் முடிந்தபின், கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டமான ரேக்கில் முழங்கால் உயரத்தில் வைத்து, நிமிர்ந்து எடுத்துப் பிடித்து நிற்பேன். மூன்று சுற்று. மூன்றிலும் 20 நொடி வந்தால் அடுத்த முறை இரண்டரைக் கிலோ கூட்டுவேன். முதல் ஏழெட்டு நொடி ஒன்றும் தெரியாது. பத்தாவது நொடியில் முன்கைக்குள் சூடு ஏறும். பதினைந்தில் சுண்டுவிரல் செய்தி அனுப்பும். அதற்குப் பிறகு வருகிற ஐந்து நொடிக்காகத்தான் மற்றப் பதினைந்தும். தொடக்கத்தில் 80 கிலோ. ஜூன் இறுதியில் 97.5.

இவற்றோடு, வழுவழுப்பான பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு 5 கிலோ பிளேட்டுகளைச் சேர்த்து விரல் நுனிகளால் கிள்ளிப் பிடிப்பது, கட்டைவிரலுக்காக. சிமென்ட் நிரப்பிய இரண்டு பெயின்ட் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவில் ஏறி இறங்குவது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "வாளியில் என்ன, தண்ணீர் வரவில்லையா?" என்று கேட்டார்.

ஜூனில் மழையும் மூடுபனியும் வந்ததும் கம்பியே வியர்க்கத் தொடங்கியது. முதலில் பிள்ளைகளின் சாக்பீஸை நுணுக்கிக் கையில் பூசிப் பார்த்தேன். அது கால்சியம் சரக்கு. ஈரம் பட்டதும் கோலமாவுக் குழம்பு மாதிரி ஆகி இன்னும் வழுக்கியது. ஜிம்னாஸ்டிக் வீரர்கள் பூசிக்கொள்வது மக்னீசியம் கார்பனேட். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கட்டி வரவழைத்தேன். திறந்து வைத்தால் இந்த ஊர்க் காற்றில் நமத்துவிடும், இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். தரையில் வெள்ளையாகக் கொட்டுகிறது என்று ஜிம்காரருக்குக் குறை. நானே துடைத்துவிடுகிறேன் என்று ஒப்பந்தம்.

ஒருநாள் ஊட்டிக்குப் போன இடத்தில் தோடர்களின் தூக்குக்கல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. உருண்டையான, வழவழத்த கல். இளைஞர்கள் தோள்வரை ஏற்ற வேண்டும். தென்மாவட்டத்து இளவட்டக்கல்லும் அப்படித்தான். அணைத்துத் தூக்குகிற கல்லில் பிடி என்றே ஒன்று கிடையாது. விரலை நம்பித் தூக்கும் துன்பத்தைக் கம்பி கண்டுபிடித்தவர்கள்தான் நமக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஜூலையில் மாட்டிக்கொண்டேன். முன்னேற்றம் கண்ட மிதப்பில், வாரம் இரண்டு நாளை ஐந்தாக்கினேன். துண்டில் தொங்குவது, குச்சியில் கயிறு கட்டிச் செங்கல்லைச் சுருட்டுவது என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். முதலில் முழங்கையின் உட்புற எலும்பில் மெல்லிய குத்தல். இரண்டாவது வாரம் துணி பிழிய முடியவில்லை. மூன்றாவது வாரம் டீ வடிகட்டும்போது பாத்திரம் கைநழுவி அடுப்பெல்லாம் டீ. மருத்துவர் அந்த எலும்பை ஒரு விரலால் தொட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். விரலையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளில் பல அந்தச் சின்ன மேட்டில்தான் வந்து ஒட்டுகின்றன; தசை சில வாரங்களில் வலுப்படும், தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். நான் தசையின் வேகத்தில் எடை கூட்டியிருந்தேன். ஆறு வாரம் பிடிப்பயிற்சி இல்லை; ஸ்ட்ராப் போட்டு இலேசாக டெட்லிஃப்ட் மட்டும். காய்கறிக் கட்டில் வரும் தடித்த ரப்பர் பேண்டை ஐந்து விரல்நுனியிலும் மாட்டி, விரல்களை வெளிப்பக்கமாக விரிக்கும் பயிற்சியை அப்போது தொடங்கினேன். வேலை நடுவே 25 முறை, நாளில் மூன்று தடவை. இன்றுவரை விடவில்லை.

செப்டம்பரில் 85 கிலோவில் மீண்டும் பிடித்து நிற்கத் தொடங்கினேன். வாரம் இரண்டு நாள் மட்டும். இறங்கிய எடை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் ஏறியது.

அக்டோபர் 7: 100 கிலோ, மூன்று முறை, ஸ்ட்ராப் இல்லை, இரண்டு உள்ளங்கையும் உள்நோக்கி.
அக்டோபர் 14: 105, இரண்டு முறை.
அக்டோபர் 21: 107.5, ஒரு முறை. இறக்கும்போதும் கையிலிருந்து விழவில்லை.

ஸ்ட்ராப்போடு இப்போது 117.5 வருகிறது. ஆக 20 கிலோக் கடனில் பாதி அடைந்திருக்கிறது. கம்பி மாற்றியதற்கு எவ்வளவு, தேய்த்ததற்கு எவ்வளவு, அப்பாவுக்கு எவ்வளவு, நின்ற நொடிகளுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத ஆசைதான். எல்லாம் ஒரே பற்றில் வந்து விழுந்துவிட்டது.

அக்டோபர் 28: 110. முழங்காலைத் தாண்டியது. தொடை நடுவில் இடது சுண்டுவிரல் திறந்தது, மோதிர விரல் பிடித்துப் பார்த்தது, பிறகு சத்தம். வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டது. கம்பியின் நடுவில் துரு செம்மண் நிறத்தில் படர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரஷ் எடுத்துப் போக வேண்டும்.