எட்டு நாள் வண்டி

மார்ச் 8, 2025, சனி

ஜெமினி 5 பேட்ச் வந்து சேர்ந்துவிட்டது. 1965-இல் நாசா அனுப்பிய விண்பயணத்தின் சின்னம், உடையில் தைத்துக்கொள்கிற துணித் துண்டு. மூன்று வாரமாகத் தபால் பெட்டியைத் தினம் இரண்டு தடவை திறந்து பார்த்ததற்கு ஒரு முடிவு. உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்ச், அதில் ஒரு கூண்டு வண்டி. விற்றவர் "1965-ஐச் சேர்ந்தது" என்று கைப்பட ஒரு சீட்டும் வைத்திருக்கிறார். விலையை இங்கே எழுதப்போவதில்லை, வீட்டில் படிப்பார்கள்.

நாசா வீரர்கள் தங்கள் பயணத்துக்கென்றே தனியாகச் செய்து அணிந்த முதல் பேட்ச் இதுதான். இதற்கு முன் பறந்த ஜெமினி 3-இல் கஸ் கிரிஸ்ஸம், தன் முதல் கலம் கடலில் மூழ்கிப்போனதால், டைட்டானிக்கில் பிழைத்த 'மூழ்காத' மாலி பிரவுனின் பெயரைக் கேலியாகத் தன் விண்கலத்துக்கு வைத்தார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை, பெயர் வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஜெமினி 5-இல் எட்டு நாள் சுற்றக் கிளம்பிய இருவரில் கார்டன் கூப்பர் விமானப் படைக்காரர், பீட் கான்ராட் கடற்படைக்காரர். பறக்கும் அணி ஒவ்வொன்றுக்கும் தோளிலோ மார்பிலோ ஒரு சின்னம் உண்டு என்று பழகியவர்கள். பெயர்தானே கூடாது, சின்னம் வைத்துக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள்.

வண்டி கான்ராடின் மாமனார் மரத்தில் செதுக்கி வைத்திருந்த பொம்மையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மேற்கே பிழைக்கப் போனவர்கள் இப்படிக் கூண்டு வண்டியில்தான் போனார்கள், துணியில் சவடாலாக ஏதாவது எழுதிக்கொண்டு. இந்த வண்டித் துணியிலும் எழுதியிருக்கிறது. தமிழில் சொன்னால், "எட்டு நாள், இல்லாட்டி அம்பேல்."

மார்ச் 11, செவ்வாய்

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வண்டித் துணியின் வெள்ளை நூல் ட்யூப்லைட் மாதிரி எரிகிறது. பழைய நூல் பொதுவாக இப்படிப் பளிச்சிடாது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாதுதான், சோப்புத்தூள் போட்டுத் துவைத்த துணியும் ஒளிரும். ஆனால் அறுபது வருடப் பேட்சை யார் துவைப்பார்கள்?

தூக்கம் வரவில்லை.

மார்ச் 15, சனி

அப்பாவிடம் வீடியோவில் காட்டினேன். மதுரை புதுமண்டபத்தில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர். போலீஸ்காரர்களுக்குத் தோள்பட்டையில் கோடு வைத்துத் தைத்த கை. இத்தனை வருடம் அவரிடம் கேட்கத் தோன்றாதது என் தப்பு.

"பின்னாடி திருப்பும்மா." திருப்பினேன். "பிளாஸ்டிக் ஒட்டியிருக்கே, இஸ்திரி போட்டு ஒட்டுற ரகம்ல இது? சரி, ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாரு."

"அப்பா, இது அறுபத்தஞ்சாம் வருஷத்துச் சாமான்பா!"

"அதைத்தானே பாக்கப்போறோம்."

ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு இழையை நறுக்கிப் பற்றவைத்தேன். அந்தக் காலத்து ரேயான் நூல் என்றால் காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பலாகும். இது சுருண்டு உருகி, கடுகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டையாக நின்றது. பாலியெஸ்டர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தையல் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

விற்றவருக்கு எழுதிவிட்டேன். பதில் வருமென்ற நம்பிக்கை இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

இங்கே ஹூஸ்டனில் மாலை ஐந்து மணி வாக்கில் ஃபுளோரிடா கரையோரக் கடலில் டிராகன் விண்கலம் இறங்கியதை அலுவலகத்தில் எல்லாரும் கூடிப் பார்த்தோம். சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் போன ஜூன் 5-ஆம் தேதி ஏறக்குறைய எட்டு நாள் திட்டத்தோடு கிளம்பியவர்கள். திரும்ப 286 நாள் ஆகியிருக்கிறது. வீட்டில் கிடக்கும் போலி வண்டியை நினைத்து எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, பக்கத்தில் இருந்தவர்களிடம் விளக்க முடியவில்லை.

இருவரும் அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கூட வந்த நிக் ஹேக் விண்வெளிப் படை அதிகாரி. 2019-இல் தொடங்கிய படை அது. அதன் உறுப்பினராகவே ராக்கெட்டில் கிளம்பியவர்களில் அவர்தான் முதல் ஆள். என் ஆல்பத்தில் விமானப் படை, கடற்படை, தரைப்படை, மரீன் என்று நான்கு பகுதிகள் இருக்கின்றன. ஐந்தாவது ஒன்று போட வேண்டும்.

மார்ச் 22, சனி

கோபத்தை ஆற்ற அப்பல்லோ பக்கங்களைப் புரட்டினேன். புதிதாகச் சேர்ப்பவர்கள் பலர் ஒன்றில் ஏமாறுகிறார்கள். அப்பல்லோ வீரர்கள் விண்வெளி உடையில் அணிந்தது எம்ப்ராய்டரி பேட்ச் அல்ல. 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தீயில் மூன்று பேர் இறந்த பிறகு, உடையின் வெளியடுக்கு பீட்டா துணிக்கு மாறியது. கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசியது, தீப்பற்றாது. சின்னத்தையும் அந்தத் துணியிலேயே அச்சடித்துத் தைத்தார்கள். நூல் வேலைப்பாடெல்லாம் ஜாக்கெட்டுக்கும் நினைவுப் பொருளுக்கும்தான். "நிலவுக்குப் போன எம்ப்ராய்டரி" என்று யாராவது விற்றால், உடையில் இருந்ததா, பையில் போனதா என்று முதலில் கேளுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது அப்பல்லோ 12. பீட் கான்ராட், ரிச்சர்ட் கார்டன், ஆலன் பீன் மூவரும் கடற்படை. அதனால் நிலவைச் சுற்றிப் பாய்மரக் கப்பல் ஓடுகிறது, நிறமும் கடற்படையின் நீலமும் பொன்னும். நட்சத்திரம் மட்டும் நான்கு. நான்காவது, இந்தக் குழுவில் போயிருக்க வேண்டிய மரீன் அதிகாரி கிளிஃப்டன் வில்லியம்ஸுக்கு. 1967 அக்டோபரில் டி-38 பயிற்சி விமானம் விழுந்து இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவர் ஆலன் பீன். அந்த நட்சத்திரத்தை வைக்கச் சொன்னதும் பீன்தான்.

அடுத்த பயணமான அப்பல்லோ 13-இன் சின்னத்தில் அதன் தலைவர் ஜிம் லவல் தன் கடற்படைக் கல்லூரி வாசகத்தை மாற்றி எழுதினார். அங்கே "அறிவிலிருந்து கடல் வல்லமை", இங்கே "நிலவிலிருந்து அறிவு". அதில் வீரர்களின் பெயர்கள் இல்லை. கடைசி நேரத்தில் குழுவில் மேட்டிங்லிக்குப் பதில் ஸ்விகர்ட் வந்தபோது பேட்ச் தப்பித்தது.

பீன் விஷயத்துக்கு வருகிறேன். நாசாவை விட்டு ஓவியரான பிறகு, உடையிலிருந்த பேட்ச்களை நினைவுப் பொருளாகக் கொடுத்தார்கள். அவற்றில் நிலவுத் தூசி படிந்திருந்தது. அவர் அவற்றைப் பொடிப் பொடியாக வெட்டித் தன் ஓவியங்களில் கலந்துவிட்டார்! கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய பொருள். இதை முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அவருடைய பேட்ச், அவர் வெட்டினார்.

மார்ச் 29, சனி

விற்றவரிடமிருந்து பதில் வந்தது. "நானும் நம்பித்தான் வாங்கினேன்" என்கிறார். பாதிப் பணம் தருகிறாராம், பேட்சை நானே வைத்துக்கொள்ளலாமாம். சரி என்றுவிட்டேன்.

ஆல்பத்தில் வைக்க மனசில்லை, எறியவும் மனசில்லை. அப்புறம் ஒரு யோசனை வந்தது. 1965-இல் நாசா தலைவர் ஜேம்ஸ் வெப் பேட்சுக்கு அனுமதி தந்தார், ஆனால் அந்த "எட்டு நாள்" வரியைப் பயணம் முடியும்வரை துணி வைத்து மறைக்கச் சொன்னார். பாதியில் இறங்கினால் பத்திரிகைகள் கிழிக்குமே என்ற பயம். பயம் நியாயம்தான். ஆகஸ்ட் 21-ஆம் தேதி மேலே போன அன்றே மின்சாரம் தருகிற எரிபொருள் மின்கலத்தின் ஆக்ஸிஜன் அழுத்தம் விழுந்து, இறக்கிவிடலாமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக 7 நாள் 22 மணி 55 நிமிடம் சுற்றிவிட்டு வந்தார்கள். கணக்குப் பார்த்தால் எட்டு நாளுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் குறைவு!

வாசகத்தின் மேல் துண்டுத் துணி தைத்த பேட்ச் என் ஆல்பத்தில் இல்லை. பழைய வெள்ளைக் காட்டன் சட்டையிலிருந்து நகம் அளவு வெட்டி அப்பாவிடம் காட்டினேன்.

"ஓரத்தை மடிச்சுத் தைம்மா, பிரியாது."

"பிரியணும்பா. ஊரு வந்து சேந்ததும் எடுத்துப் பாக்கத்தான் அது."

"அப்ப நூலோட்டம் போடு. ஒம்பதாம் நம்பர் ஊசி இருக்கா?"

இல்லை. நாளைக்குக் கடைக்குப் போகணும்.